மலைச்சாலையில் மகிழுந்து இயக்கம்

மலைச்சாலையில் மகிழுந்து இயக்கம் என்பது ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு, மூடுபனி ஆகியவற்றைக் கொண்ட சாலைகளில் மகிழுந்தின் அடிப்படைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் வசதிக் கருவிகளையும் பாதுகாப்பாகக் கையாளும் முறையைக் குறிக்கும். சமவெளியில் ஓட்டுநர் பெரிதும் பொருட்படுத்தாத சில கருவிகள் மலையில் முதன்மை பெறுகின்றன. வேகத்தைக் கூட்டுவதற்கான கருவியாகவே பலரும் கற்றுக்கொள்ளும் கியர், இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் கருவியாகவும் பயன்படுவது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இக்கட்டுரை தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்துள்ள மலைச்சாலைகளை அடிப்படையாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகள்

உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூருக்கு அருகில் அமைந்துள்ள பேரூராட்சி குச்சனூர். சுரபி ஆற்றங்கரையில் உள்ள சுயம்பு சனீசுவரர் கோயிலால் இவ்வூர் அறியப்படுகிறது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் நடைபெறும் திருவிழாவுக்கும் சனிப்பெயர்ச்சி நாட்களிலும் வெளியூர் வண்டிகள் பெருமளவில் வருகின்றன. குச்சனூரைச் சுற்றியுள்ள சாலைகள் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே செல்லும் சமதளச் சாலைகளே. ஆனால் இங்கிருந்து மேற்கே எத்திசையில் சென்றாலும் சிறிது தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கிவிடும். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, போடிநாயக்கனூரைக் கடந்ததும் 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டுக்கு ஏறுகிறது. தேசிய நெடுஞ்சாலை 183 கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளியை அடைகிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் தனித்தனி மலைச்சாலைகள் உள்ளன.

இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் ஏறுவதும் மாலையில் இறங்குவதும் இச்சாலைகளின் அன்றாட நிகழ்வாகும். சபரிமலைக் காலத்தில் நெரிசல் மிகும் நாட்களில், மலைக்குச் செல்லும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் அனுப்பும் ஒருவழிப் போக்குவரத்தைக் காவல்துறை நடைமுறைப்படுத்துவது வழக்கம். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய வண்டி ஒன்று குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்ததில், ஆண்டிபட்டிப் பகுதியைச் சேர்ந்த எட்டுப் பேர் உயிரிழந்தனர்.

புறப்படுமுன் செய்யவேண்டிய அமைப்புகள்

இருக்கை, கண்ணாடிகள், திசைமாற்றிச் சக்கரம் எனப்படும் ஸ்டியரிங் ஆகியவற்றை வண்டி நிற்கும்போதே சரிசெய்தல் வேண்டும். ஓடும் வண்டியில் இருக்கையின் நெம்புகோலைத் தூக்கினால் இருக்கை பின்னோக்கி நழுவி, பிரேக் மிதி காலுக்கு எட்டாமல் போகக்கூடும். பிரேக்கை முழுவதுமாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருப்பதே சரியான அமைப்பாகும். காற்றுப்பை உள்ள வண்டியில் ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளி தேவை. காற்றுப்பை இருக்கைப் பட்டைக்கு மாற்று அன்று. பட்டை அணிந்திருப்பவருக்கே அது முழுப்பயன் தரும்.

ஓட்டுநரின் காலடியில் எதுவும் உருளக்கூடாது. தண்ணீர்ப் புட்டி ஒன்று பிரேக் மிதியின் அடியில் சிக்கினாலே மிதி இறங்காது. கால் விரிப்பு நழுவி ஆக்சிலரேட்டரின் மேல் ஏறிக்கொள்வதும் உண்டு. புதுவண்டிக்குப் பூசை போடுவோரும் புனிதப் பயணம் செல்வோரும் வண்டியின் முன்புறத்தில் மாலை, வாழைக்கன்று முதலியவற்றைக் கட்டுவர். இவை முகப்பு விளக்கையோ ஓட்டுநரின் பார்வையையோ மறைக்காதவாறு, மலையேறுமுன் நீக்கிவிடுவது நல்லது. உட்புறக் கண்ணாடியில் தொங்கும் பொம்மைக்கும் இது பொருந்தும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் இருசக்கர வண்டியை மறைக்க ஒரு சிறு பொம்மை போதும்.

இறக்கமும் கியரும்

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை இழக்கிறது. பயணிகளுடன் 1,200 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து ஒன்று இவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 118 இலட்சம் ஜூல் ஆகும். சுமார் 35 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதுமானது. காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் இதில் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதை எஞ்சின் உள்வாங்கவேண்டும். இல்லையேல் பிரேக் வெப்பமாக மாற்றவேண்டும்.

கியரில் இணைந்த வண்டி இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றவேண்டியிருக்கும். எஞ்சினின் உள் உராய்வும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேலையும் சக்கரங்களுக்குத் தடையாக அமைகின்றன. கியர் எண் குறையக் குறைய இத்தடை கூடும். எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களிடையே வழங்கும் விதி. பெரும்பாலான சிறு மகிழுந்துகளுக்கு இது இரண்டாம் கியராகும். கொண்டை ஊசி வளைவில் சில வேளைகளில் முதல் கியர் தேவைப்படும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுதல் வேண்டும். வேகம் மிகுந்தபின் கீழ்க்கியருக்கு மாற்ற முயன்றால், கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓடும் நிலை ஏற்படலாம்.

எரிபொருளை மிச்சப்படுத்துவதாகக் கருதி இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. மின்னணு எரிபொருள் செலுத்து முறை கொண்ட இக்கால எஞ்சின்களில் இக்கருத்து நேர்மாறானது. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், எரிபொருள் செலுத்துவது தானாகவே நிறுத்தப்படுகிறது. எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் நின்றுவிடாமலிருக்க எரிபொருள் தொடர்ந்து செலவாகும். கிளட்சை மிதித்தபடியே இறங்குவதும் நியூட்ரலில் இறங்குவதற்கு ஒப்பானதே.

எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கேடானது. பிரேக் மிதிக்கு வலுவூட்டும் வெற்றிடத் துணைக்கருவி எஞ்சின் ஓடும்போதுதான் வெற்றிடத்தைப் புதுப்பிக்கிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை மிதிப்பதற்கே அது உதவும். அதன்பின் மிதி கல்லாக இறுகிவிடும். ஸ்டியரிங்கின் துணைவிசையும் நின்றுபோகும். சாவியை உருவிவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

பிரேக் சூடேறுதல்

தொடர்ந்து அழுத்திப் பிடிக்கப்படும் பிரேக் சூடேறி, உராய்வுத் திறனை இழக்கிறது. மிதி வழக்கம்போல் இறுக்கமாகவே இருக்கும். ஆனால் வண்டி நிற்காது. மற்றொரு வகைப் பழுதில், பிரேக் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. அப்போது மிதி மெத்தென்று உள்ளே இறங்கிவிடும். டாட் 4 எனப்படும் தரத்திலான புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்கவேண்டும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவத்திற்கு அதே தரம் வரையறுக்கும் கொதிநிலை 155 பாகை மட்டுமே. ஊருக்குள் நன்றாகப் பிடிக்கும் பழைய வண்டியின் பிரேக் மலையில் கைவிடுவதற்கு இது ஒரு காரணமாகும்.

எனவே பிரேக்கை இடைவிடாது உரசவிடாமல், வேகம் கூடும்போது ஒருமுறை உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுதல் வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலை வளைவுக்கு முன்பே முடிந்துவிடவேண்டும். கருகிய நாற்றம் வந்தால், பாதுகாப்பான அகன்ற இடத்தில் நிறுத்தித் தானாக ஆறவிடவேண்டும். சூடான தட்டுகளின் மீது தண்ணீர் ஊற்றும் வழக்கம் தவறானது. திடீர்க் குளிர்ச்சியால் தட்டு வளையவோ விரிசல் விடவோ கூடும்.

ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால், மிதியை விரைவாகப் பலமுறை மிதித்துப் பார்த்தல், கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தல், கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுத்தல் ஆகியவை வழிகளாகும். கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இவையும் பயன்தராவிடில், பள்ளத்தின் பக்கம் செல்லாமல், மலைச்சுவரை ஒட்டிய வடிகாலில் சக்கரத்தை இறக்குவதே எஞ்சியிருக்கும் வழி.

ஏற்றமும் நிறுத்தமும்

குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ள விதியாகும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதால் இவ்விதி பொருளுடையதே. எனினும் பேருந்து எதிரே வரும்போது அகன்ற இடத்திற்கு எவர் அருகில் உள்ளாரோ அவர் பின்வாங்குவதே களத்தில் காணப்படும் நடைமுறை.

ஏற்றத்தில் கிளப்பும்போது, கைப்பிரேக்கை இழுத்த நிலையில் கிளட்சைக் கடிக்கும் புள்ளி வரை விட்டு, வண்டியின் முன்புறம் சற்று எழும்பியதும் கைப்பிரேக்கை விடுவது வழக்கமான முறையாகும். புதிய வண்டிகளில் உள்ள ஏற்றத் துணைக்கருவி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் இரண்டு நொடிகள் அளவுக்கே வண்டியைப் பிடித்திருக்கும். அதை நிறுத்துக் கருவியாகக் கருதலாகாது.

சரிவில் வண்டியை நிறுத்தும்போது கைப்பிரேக்குடன் கியரும் இடப்படவேண்டும். வண்டி மேல்நோக்கி நின்றால் முதல் கியரும், கீழ்நோக்கி நின்றால் பின்செல் கியரும் பொருத்தமானவை. வண்டி தானே உருண்டாலும் மலைச்சுவரில் முட்டி நிற்குமாறு சக்கரங்களைத் திருப்பிவைப்பது மேலும் பாதுகாப்பளிக்கும். சக்கரத்திற்குக் கல் வைப்பதும் நல்ல வழக்கமே. ஆனால் புறப்படும்போது அக்கல்லை அப்படியே சாலையில் விட்டுச்செல்வது பின்னால் வரும் இருசக்கர வண்டியோட்டியைக் கவிழ்த்துவிடும்.

விளக்கு, துடைப்பான், குளிர்விப்பி

மூடுபனியில் உயர் ஒளிக்கற்றை பயன்படாது. நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஓட்டுநரின் கண்முன் வெண்சுவர் போன்ற தோற்றமே உண்டாகும். தாழ் ஒளிக்கற்றையும், இருப்பின் பனி விளக்கும் ஏற்றவை. நான்கு குறிகாட்டிகளும் ஒருசேர மின்னும் அபாய விளக்கை ஓடும் வண்டியில் போடுவதைத் தவிர்க்கவேண்டும். அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம் என்பதோடு, திரும்பும் திசையைக் காட்டவும் வழியில்லாமற் செய்கிறது. இரவில் கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது ஒளிக்கற்றையை ஓரிருமுறை ஏற்றி இறக்குவதும், பகலில் ஒலிப்பான் எழுப்புவதும் எதிரே வருவோருக்கு அறிவிப்பாகும்.

குறிகாட்டி நெம்புகோலின் இடம் வண்டிக்கு வண்டி மாறும். இந்தியாவில் விற்கப்படும் மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் பொதுவாக அது ஸ்டியரிங்கின் வலப்புறத்திலும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் இடப்புறத்திலும் அமைந்திருக்கும். இரவல் வண்டியில் திரும்பும்போது துடைப்பான் ஆடத் தொடங்குவது இதனாலேயே. மலையில் இது நகைப்புக்குரிய செய்தி அன்று. பின்னால் வருபவருக்கு எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

மலையேறும்போது முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்வது, பயணிகளின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதால் ஏற்படுகிறது. துணியால் துடைப்பது சில நொடிகளுக்கே உதவும். குளிர்விப்பியை இயக்கி, காற்றோட்டத்தை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி, உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஆவி விரைவில் மறையும். குளிர்விப்பி காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. எனவே வெளியே குளிராக இருந்தாலும் அதை இயக்குவதே சரி. வெப்பநிலைத் திருகை வெப்பப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

கோயில் திருவிழாக்களிலும் நெரிசலிலும் காத்திருக்கும் பயணிகள், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு வண்டியிலேயே உறங்குவதுண்டு. புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ, வண்டி காற்றோட்டமற்ற இடத்தில் நின்றாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். நிறமும் மணமும் அற்ற இவ்வளி, உறங்குபவரை விழிக்கவிடாமலே கொல்லக்கூடியது.

சட்டத் தேவைகள்

2019 சூலை 1 முதல் இந்தியாவில் உற்பத்தியாகும் மகிழுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பை, முன் இருக்கைப் பட்டைக்கான நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்நகர்வு உணரி ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. வேக எச்சரிக்கை மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியபின்னரே ஒலிப்பதால் மலைச்சாலையில் அதனால் பயனில்லை. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பட்டை அணியாமைக்கு 1,000 ரூபாய் தண்டத்தொகை விதிக்கிறது. முன்நோக்கிய பின் இருக்கைகளில் அமர்வோரும் பட்டை அணியவேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தானியங்கி, மின்சார வண்டிகள்

தானியங்கிக் கியர் வண்டிகளைப் பொதுவான ஓட்ட நிலையிலேயே விட்டுவிட்டால், சில வண்டிகள் இறக்கத்தில் உயர்கியருக்குத் தாவிவிடும். தாழ்கியர் நிலையையோ கைமுறை நிலையையோ தேர்ந்தெடுப்பதன் மூலம் இதைத் தடுக்கலாம். வேகத்தை நிலைநிறுத்தும் குரூசு கட்டுப்பாடு வளைவுகள் நிறைந்த சாலைக்கு உரியதன்று.

மின்சார மகிழுந்தில் மின்னோடியே மின்னாக்கியாக மாறி, இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்க்கிறது. இதனால் பிரேக்கின் சுமை பெரிதும் குறைகிறது. ஆனால் மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தால் அதற்குமேல் ஆற்றலைச் சேர்க்க இடமில்லாமற்போய், இத்தடை பல வண்டிகளில் குறைந்துவிடும். மூணாற்றில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்குவதைவிட, மின்கலத்தில் சிறிது இடம் விட்டுவைத்துப் புறப்படுவதே பொருத்தமானது.