கண்டியில் குடுவைச் செடி: உரம் வேண்டாம், மழைநீர் போதும்

பூச்சியுண்ணும் குடுவைத் தாவரங்களில் இலங்கைக்கே உரிய இனம் ஒன்றுதான்: நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா. சிங்களத்தில் பந்துரா. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். சிங்கராஜா உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயமே இதன் தாயகம்.

குடுவை பூ அல்ல. இலை நுனியின் நீட்சி. விளிம்பில் வழுக்கி விழும் பூச்சி உள்ளிருக்கும் திரவத்தில் செரிக்கிறது. சத்தற்ற மண்ணில் கிடைக்காத நைதரசனைச் செடி இப்படித்தான் பெறுகிறது. ஆகவே மண்ணுக்கு உரமிட்டால் வேர் கருகும்.

கண்டியின் ஈரக்காற்று இதற்கு ஏற்றது. பொச்சுத் துண்டுகளோடு ஆற்றுமணல் கலந்து, நீர் நன்கு வடியும் சாடியில் நடுங்கள். காலை வெயிலும் பின்னர் நிழலும் கிடைக்கட்டும். கலவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கக்கூடாது. காற்று வரண்டால் புதுக் குடுவை உருவாகாது. இறைச்சித் துண்டுகளைப் போடாதீர்கள், குடுவை அழுகிவிடும்.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்வோர் கவனிக்க: சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் இதற்கு ஆகாது. மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

காட்டிலிருந்து பிடுங்கி வரவேண்டாம். வேர் அறுந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால், ஒன்றை எடுத்தாலும் அயலிலுள்ளது விதையின்றிப் போகலாம். இதன் சர்வதேச வணிகமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. வளர்ப்பவரிடம் தண்டுத் துண்டு கேட்டு வாங்குங்கள்.