பொறுமை

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘ஹுப்போமொனே’ என்றொரு சொல் உண்டு. ‘ஹுப்போ’ என்றால் கீழே. ‘மெனோ’ என்றால் தங்கியிரு. பாரத்தின் கீழிருந்து விலகாமல் நிற்பதே இதன் பொருள். எதிரி பாய்ந்து வரும்போது இடம்பெயராமல் நிற்கும் போர்வீரனைக் குறிக்கவும் கிரேக்கர்கள் இதன் வினைச்சொல்லை ஆண்டார்கள்.

பழைய தமிழ் வேதாகமம் இப்பெயர்ச்சொல்லைப் பெரும்பாலும் ‘பொறுமை’ என்கிறது. இன்றைய பேச்சில் பொறுமை என்றால் அவசரப்படாமை. ஆனால் அதன் வேரான ‘பொறு’ என்பதற்குச் சுமத்தல், தாங்குதல் என்றே பொருள். ‘பொறை’ என்ற சொல்லோ சுமை, பொறுமை இரண்டையும் குறிக்கும். ஆகவே யாக்கோபு நிருபம் யோபின் பொறுமையைப் பேசும்போது, அவர் வாய்மூடி இருந்ததைச் சொல்லவில்லை. யோபு புலம்பினார், வழக்காடினார். ஆனாலும் கடவுளை விட்டு நீங்கவில்லை.

பிறர் குற்றத்தைச் சகிக்கும் குணத்துக்குக் கிரேக்கத்தில் ‘மக்ரோத்துமியா’ என்ற வேறு சொல் உண்டு. தமிழில் அது ‘நீடிய பொறுமை’.

மத்தேயு 24:13 இரட்சிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘ஹுப்போமொனே’யின் வினைவடிவம் வருகிறது; தமிழில் அது ‘நிலைநிற்றல்’. இந்த நிலைநிற்பு ஒருபோதும் தவறாதா, தவறக்கூடுமா என்பது சபைகளிடையே பழைய வாதம். மெய்விசுவாசிகளைக் கடவுள் இறுதிவரை காப்பார் என்று நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618-19இல் கூடிய சங்கம் முடிவு செய்தது. விசுவாசி விலகிப்போகக்கூடும் என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் போதனை. இறுதிவரை நிற்கவேண்டும் என்பதில் மட்டும் இருதரப்புக்கும் வேறுபாடில்லை.