கொங்கு நாட்டில் டிஜிட்டல் இடைவெளி

கணினி, அலைபேசி, இணையம் ஆகியவற்றைப் பெறுவதிலும் பயன்கொள்வதிலும் மக்களிடையே நிலவும் ஏற்றத்தாழ்வு டிஜிட்டல் இடைவெளி எனப்படும். எண்ணிம இடைவெளி என்றும் வழங்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில் இது இரு வகையாகக் காணப்படுகிறது. வால்பாறை, ஆனைமலை, பர்கூர், கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் அலைபேசிச் சமிக்ஞை கிடைப்பதே முதன்மைச் சிக்கல். சமவெளியில் இணைப்பு இருந்தும் மொழி, கல்வி, பாலினம், உடற்குறை ஆகியவை தடையாகின்றன.

கருத்தும் தொடக்கக்கால ஆய்வும்

அமெரிக்க வணிகத் துறை 1995 முதல் வெளியிட்ட அறிக்கைகள் இப்பொருளைக் கொள்கை விவாதத்துக்குக் கொண்டுவந்தன. ஐக்கிய நாடுகள் அவையின் தகவல் சமூக உச்சி மாநாடு 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் துனிசிலும் கூடியபோது வளரும் நாடுகளின் நிலை முன்னிலை பெற்றது. டச்சு ஆய்வாளர் யான் வான் டைக், இணையத்தை அணுகுவதை ஆர்வம், கருவி, திறன், பயன்பாடு என நான்கு படிகளாகப் பகுத்தார்.

தமிழகத்தில் முதலில் விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் தொடங்கிய கிராம இணைய நிலையத் திட்டம். சென்னை ஐ.ஐ.டி., எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவை இதில் பங்கேற்றன. ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஊர்களை இணைத்தது. ஆயினும் நிலையங்கள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. இணைப்போ கணினியோ மட்டும் திட்டத்தை நிலைநிறுத்தாது. நடத்துபவரின் வருமானம், அரசு அலுவலகங்களின் தொடர் ஒத்துழைப்பு ஆகியவையும் வேண்டும் என்பது இதன் வழிப் பெற்ற பாடம்.

வேளாண்மை

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2007இல், உலக வங்கி உதவிபெற்ற நீர்வள நிலவளத் திட்டத்தின்கீழ் இ-வேளாண்மை முறையைச் சோதித்தது. களப் பணியாளர் நோயுற்ற பயிரைப் படமெடுத்து இணையம் வழியாக விஞ்ஞானிக்கு அனுப்புவார். விஞ்ஞானி தரும் பரிந்துரையைப் பணியாளரே உழவரிடம் சேர்ப்பார். உழவருக்குக் கணினியும் வேண்டியதில்லை, அதை இயக்கும் பயிற்சியும் வேண்டியதில்லை. 2018 ஏப்ரலில் மாநில அரசு வெளியிட்ட உழவன் செயலி மானியம், வானிலை, சந்தை விலை ஆகியவற்றை நேரடியாக உழவரின் கைப்பேசியில் தருகிறது. இடையாளின் வேலையை இங்கு உழவரே செய்ய வேண்டியிருப்பதால், ஸ்மார்ட்போனும் வாசிப்புத் திறனும் உடையவர்களுக்கே இது முழுமையாகப் பயன்படுகிறது.

மொழியும் தரமும்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன், உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என இருந்ததால், ஒரு கணினியில் தட்டச்சிட்ட கோப்பு மற்றொன்றில் படிக்க இயலாமல் போவதுண்டு. அரசாணையும் விண்ணப்பப் படிவமும் தமிழில் இணையமேற இத்தர ஒற்றுமை அடிப்படையானது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் பணிபுரியும் வட மாநிலத்தாருக்கோ, தமிழிலமைந்த சேவைகளே மற்றொரு தடை.

பள்ளிக் கல்வி

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. ஆனால் தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்திய ஊரக வீடுகளில் இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு; நகர்ப்புறத்தில் 42. இந்நிலையில் 2020இல் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி இணையமில்லா வீடுகளுக்குப் பாடங்களைக் கொண்டுசென்றது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், கற்றல் இழப்பை ஈடுசெய்யத் திரையை நம்பாமல் உள்ளூர்த் தன்னார்வலர்களை மாலை வகுப்பெடுக்க அமர்த்தியது.

இணைப்பும் சேவையும்

தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு 2011இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க மக்கள் பெரிதும் நாடுவது இ-சேவை மையங்களை. இவற்றை நடத்துவோரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் அடங்கும். ஓடிபி, ஆதார் இணைப்பு, படிவம் பதிவேற்றம் ஆகியவற்றை மைய ஊழியரே செய்துதருகிறார். இது சேவையை எளிதாக்கினாலும், தம் கடவுச்சொல்லையும் ஆவணங்களையும் பிறர் கையில் ஒப்படைக்கும் நிலையையும் உண்டாக்குகிறது.

பாலினமும் உடற்குறையும்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21), இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் இந்திய அளவில் ஆண்களில் 57.1, பெண்களில் 33.3 விழுக்காடு. தமிழகத்தில் இது முறையே 70.2, 46.9. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) மின்னணுச் சேவைகள் அவர்களும் அணுகத்தக்கவையாக இருக்கக் கோருகிறது. டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் கூறு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

ஆய்வு முறைச் சிக்கல்கள்

இணைப்புகளையும் வழங்கிய கருவிகளையும் எண்ணுவது எளிது. ஆனால் வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்ற கணக்கில், அது யார் கையில் இருக்கிறது என்பது மறைந்துவிடும். மாவட்டச் சராசரியில் கோவை மாநகரின் உயர்நிலை வால்பாறைத் தோட்டக் குடியிருப்பின் குறையை மூடிவிடும். எனவே வீட்டுக்குப் பதில் தனியாளையும் மாவட்டத்துக்குப் பதில் ஊரையும் அலகாகக் கொள்வதும், ஒருவர் ஒரு சேவையைத் தாமே முடித்தாரா, பிறர் உதவியால் முடித்தாரா எனப் பிரித்துப் பதிவதும் கொள்கை வகுப்போருக்கு மிகுந்த பயன் தரும்.