நடந்தால் மட்டும் போதுமா? முதுமையில் தசையும் ஏரோபிக் பயிற்சியும்

காலை ஆறரை மணிக்கெல்லாம் பூங்காக்களிலும் அடுக்குமாடி வீட்டு வளாகங்களிலும் நடக்கத் தொடங்கிவிடும் மூத்தோர் பலர். இனிப்பு நீருக்காக, இரத்த அழுத்தத்துக்காக, டாக்டர் சொன்னார் என்பதற்காக என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தசைக்காக நடப்பதாகச் சொல்பவர் அரிது. தசை என்றாலே இளைஞர்கள் ஜிம்முக்குப் போய்த் தேடும் ஒன்று என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. ஆனால், 70 வயதைத் தாண்டிய ஒருவர் இரவில் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டியிருக்கிறதா என்பது பெரும்பாலும் தொடைத் தசையைப் பொறுத்தது.

வயதாவதால் தசையும் அதன் வலுவும் குறைவதற்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர். சதை, இழப்பு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களை இணைத்து அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1980களின் இறுதியில் இந்தப் பெயரை வைத்தார். அதற்கு முன்பு "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லோடு இது முடிந்துவிடும். நடுத்தர வயதிலேயே மெல்லத் தொடங்கும் இந்தத் தேய்வு, 60 வயதுக்குப் பிறகு வேகமெடுக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட வலு குறையும் வேகம் அதிகம். அதனால் கால் பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தாலும், பேருந்துப் படியில் ஏறக் கைப்பிடி தேவைப்படலாம்.

தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்று களைப்பில்லாமல் நீண்ட நேரம் உழைக்கும். நடக்க, நிற்க உதவும். மற்றொன்று சட்டென்று முழு வலுவோடு இயங்கும். நாற்காலியிலிருந்து எழ, ஈரத் தரையில் வழுக்கும்போது காலை ஊன்றிச் சமாளிக்க அதுதான் கைகொடுக்கும். முதுமையில் அதிகமாகச் சுருங்குவது இந்த இரண்டாவது வகை.

பால்மரம் சீவிய தலைமுறைக்கு இதெல்லாம் தனிப் பயிற்சியாகத் தேவைப்படவில்லை. விடியுமுன் எழுந்து, நிரை பிடித்து, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து, பிறகு நிறைந்த வாளிகளைச் சுமந்து பால் நிறுக்கும் இடத்துக்குப் போனார்கள். நடையும் சுமையும் ஒரே வேலையில் அடங்கியிருந்தன. (அந்த வேலை முதுகையும் முழங்காலையும் பதம் பார்த்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.) தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது சுமை முதலில் போனது. நடையும் பலருக்குப் பிறகு குறைந்துபோனது.

தசைக்குள் நடப்பது என்ன?

வேக நடை, சைக்கிள், நீச்சல், மெதுவோட்டம் போல, மூச்சும் இதயத் துடிப்பும் உயர்ந்து தொடர்ந்து சில நிமிடங்களாவது நீடிக்கும் அசைவுதான் ஏரோபிக் பயிற்சி. இது இதயத்துக்கு மட்டுமே, தசைக்கு எடை தூக்குவதுதான் என்று நெடுங்காலமாகப் பிரித்துப் பேசப்பட்டது. அந்தப் பிரிவு முழுக்கச் சரியல்ல.

ஒவ்வொரு தசை இழைக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் உள்ளன. சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் தருபவை அவைதான். வயதாக ஆக, உட்கார்ந்தே இருக்க இருக்க, அவற்றின் எண்ணிக்கையும் திறனும் குறையும். வாரக் கணக்கில் தொடரும் வேக நடை அவற்றைப் பெருக்குகிறது. 70 வயதிலும் பெருக்குகிறது. தசையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களும் கூடுகின்றன. ஆகவே உயிர்வளியும் உணவுச் சத்தும் இழைக்கு எளிதில் போய்ச் சேர்கின்றன.

இன்னொரு நன்மை இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவதோடு தசைப் புரதத்தைக் காக்கவும் உதவுகிறது. முதுமையில் தசை இந்தச் சமிக்ஞைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. முட்டையும் மீனும் சாப்பிட்டாலும் இளைஞரின் உடல் கட்டும் அளவுக்கு முதியவரின் உடல் தசையைக் கட்டுவதில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூத்தோர் சிலர் 45 நிமிடம் ஒரே ஒருமுறை வேகமாக நடந்தார்கள். மறுநாள் அவர்களின் தசை இன்சுலினுக்கு மீண்டும் நன்றாகப் பதிலளித்தது. அதாவது இன்றைய நடை நாளைய சாப்பாட்டைத் தசைக்குப் பயன்பட வைக்கிறது. இந்தப் பலன் சில நாள்களில் மங்கிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம் நடப்பதைவிட வாரத்தில் பல நாள் நடப்பது மேல்.

சைக்கிள் மிதிப்பதால் தசையின் அளவே கூடியதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 12 வாரம் நிலை சைக்கிளை மிதித்த 70 வயதையொட்டிய பெண்களின் முன்தொடைத் தசை ஏறக்குறைய 10இல் ஒரு பங்கு பெரிதானது. முழங்கால் வலியால் நடக்கத் தயங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி. சைக்கிளில் உடல் எடை முழங்காலில் இறங்குவதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நலமாக இருந்த முதியோர் 10 நாள் படுக்கையிலேயே இருந்த ஓர் ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போய்விட்டது. டெங்கியோ நிமோனியாவோ வந்து மருத்துவமனையில் கிடந்து திரும்பும் தாத்தா பாட்டிக்கு "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று மாதக்கணக்கில் கட்டிலைக் காட்டும் பாசம், அவர்களின் கால்களுக்குத் தீங்காக முடிகிறது. மருத்துவர் அனுமதித்ததும் வீட்டுக்குள்ளேயாவது நடக்க வைப்பதே உதவி.

நடையால் முடியாதது

கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டே போகும் உலா மனதுக்கு நல்லது. தசைக்கு அது போதாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே தேவையான வேகம். எண்ணிப் பார்க்க விரும்பினால், நிமிடத்துக்குச் சுமார் 100 காலடிகள்.

அந்த வேகத்தில் நடந்தாலும், சட்டென்று இயங்கும் அந்த இரண்டாவது வகை இழைகள் சமதள நடையில் அதிகம் வேலைக்கு வருவதில்லை. அவற்றை எழுப்பச் சுமை வேண்டும். பல ஆண்டுகளாக ஒழுங்காக நடந்தும் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் திணறுபவர்கள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உடல் பருமனான முதியோரை வைத்து நடத்தி 2017ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உணவுக் கட்டுப்பாட்டோடு ஏரோபிக் மட்டும் செய்தவர்களும் எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களும் உடலியக்கத் தேர்வில் 14 விழுக்காடு முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 21 விழுக்காடு முன்னேறினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையும் இதே வழியில்தான் செல்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைக்கான அசைவுகளும் செய்ய வேண்டும் என்கிறது. பெரும்பாலோர் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். வலுப்படுத்துவதற்கு ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படி ஏறுவது எல்லாமே கணக்கில் சேரும். பத்துமலையின் 272 படிகளில் ஏறுவது ஏரோபிக்கும் சுமையும் சேர்ந்த பயிற்சிதான். ஆனால் இறங்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது பொருந்தாது. மலேசியாவில் வட்டாரத்து முதியோர் நடவடிக்கை மையங்களிலும், சிங்கப்பூரில் புளோக்குகளுக்குக் கீழே இயங்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களிலும் குழுவாகப் பயிற்சி செய்ய வாய்ப்புண்டு. தனியாகச் செய்யச் சலிப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

தசை எப்படி இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய நிபுணர் குழு 2019ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டே இதைச் செய்து பார்க்க வேண்டும். ஜப்பானியர்கள் இன்னும் எளிய வழி வைத்திருக்கிறார்கள். இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் தடித்த பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை ஏமாற்றும்.

பயிற்சிக்குத் தக்க புரதம் இல்லாவிட்டால் தசைக்குக் கட்டுமானப் பொருள் கிடைக்காது. மூத்தோருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது நிபுணர்களின் கணிப்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் தோசையும் தேநீரும், இரவில் இரண்டு ரொட்டியும் என்று போனால் அதை எட்டவே முடியாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. மீன், கோழி, பருப்பு, தெம்பே, தௌஃபு என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்ப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். பாத உணர்வு குறைந்தவர்கள் சிலிப்பர் போட்டு நடக்காமல், சரியான காலணி அணிந்து, திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைய நடையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி 10 நிமிட நடை, காலையிலும் மாலையிலும்.