ஃபோர்ட் ஸ்டிகின்: ஒரு சரக்குக் கப்பலின் முடிவு

போர்க்கால வரலாற்றை நாம் பெரும்பாலும் போர்க்கப்பல்களின் வழியாகவே வாசித்திருக்கிறோம். அவற்றுக்கு வேண்டியதைச் சுமந்து சென்ற சரக்குக் கப்பல்களைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. அத்தகைய கப்பல் ஒன்றின் வாழ்வு பம்பாய்த் துறைமுகத்தில் முடிந்தது.

ஃபோர்ட் ஸ்டிகின் 1942இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் நகரில் கட்டப்பட்டது. கொள்ளளவு 7,142 டன். ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் இழந்த கப்பல்களுக்கு ஈடாக, ஒரே அமைப்பில் வரிசையாகக் கட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து இறுதிப் பயணம் தொடங்கியது. உள்ளே விமானங்கள், சுமார் 1,395 டன் வெடிபொருள்கள், 31 பெட்டிகளில் 124 தங்கக் கட்டிகள். கராச்சியில் விமானங்களை இறக்கியபின் கிடைத்த இடத்தில் பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டன. பஞ்சும் வெடிமருந்தும் அருகருகே இருப்பதன் ஆபத்தைக் கப்பலில் இருந்தோர் அறியாதவர்களல்லர். ஆயினும் போர்க்காலத்தில் காலியிடம் என்பதே வீண் என்று கருதப்பட்டது.

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையை அடைந்தது. வெடிமருந்தைக் குறிக்கும் செங்கொடி ஏற்றப்படவில்லை. 14ஆம் தேதி பிற்பகல் இரண்டாம் சரக்கறையில் புகை கிளம்பியது. கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா, தண்ணீர் பாய்ச்சித் தீயை அணைப்பதா என்று அதிகாரிகள் தயங்கி நின்ற வேளையில், தீயணைப்பு வீரர்கள் குழாய்களோடு கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தனர். 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு; 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாவது. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில் பதிவாயிற்று. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர்.

இறந்தோர் 800 என்பாரும் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. இத்தனை பெரிய இடைவெளிக்குக் காரணம், துறைமுகக் கூலிகளை உயிரோடிருந்தபோதும் எவரும் சரியாக எண்ணியிருக்கவில்லை என்பதாகவே நாம் கருதுகிறோம். போர்க்காலத் தணிக்கையால் செய்தியும் மே மாதம் வரை அடக்கி வைக்கப்பட்டது. தங்கக் கட்டிகளின் எண்ணிக்கையிலோ எவருக்கும் ஐயமில்லை. பின்னாளில் தூர்வாரியபோதும் சில கிடைத்தன.

அன்று மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாக நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளிலேனும், பெயர் பதியப்படாத துறைமுகத் தொழிலாளர்களையும் நாம் சேர்த்து நினைக்கலாம்.