நகத்தில் ஏறிய செம்மை

மாதர் தம் விரல் நகங்களுக்குச் செம்மையூட்டும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டில் பதனிட்டு வைக்கப்பெற்ற பழஞ்சவங்கள் சிலவற்றின் நகங்களில் மருதோன்றியின் சாயம் காணப்பட்டிருக்கிறது. அவ்வழக்கம் இன்று புதியதோர் வடிவம் கொண்டு நம் இல்லங்களுள் நுழைந்துள்ளது. சிறு குப்பியில் அடைத்த இளஞ்சிவப்பு ஜெல் பூச்சையும், கையடக்கமான விளக்கு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, நம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நகங்களை அணிசெய்துகொள்கின்றனர். இப்பூச்சு நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றை மூன்று சொற்களில் அடக்கிவிடலாம். அவை ஊறுதல், உலர்தல், உறைதல் என்பன.

முதற்கண் ஊறுதல். மருதோன்றி இலையை அரைத்து நகத்தின்மேல் அப்பி இரவு முழுதும் வைத்திருந்தால், இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் நகத்தின் கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. நகத்தின்மேல் படலம் ஏதும் அமைவதில்லை. நகமே நிறம் பெறுகிறது. ஆதலின் அந்நிறம் உரிவதில்லை. நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து, வெட்டும்போதே நீங்குகிறது. இதே சாயப்பொருள் நம் தோட்டங்களில் வளரும் காசித்தும்பையிலும் உண்டு. கொரியா நாட்டுப் பெண்கள் கோடையில் காசித்தும்பை மலரை நசுக்கி நகத்தில் வைத்துக் கட்டுவர். முதற்பனி விழும்வரை அந்நிறம் நிலைத்திருந்தால் முதற்காதல் கைகூடும் என்பது அவர்தம் நம்பிக்கை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செடி அயலதன்று. ஆந்திரத்தார் அதனைக் கோரிண்டாக்கு என்பர். கன்னடத்தார் மதரங்கி என்பர். மலையாளத்தார் மயிலாஞ்சி என்பர். வடபுலத்தார் மெஹந்தி என்பர். பெயர் வேறாயினும் செம்மை ஒன்றே. தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ தீஜ் பண்டிகைக்குக் கை நிறைய மெஹந்தி இட்டுக்கொள்ளும் அண்டை வீட்டாரைக் காணும்போது, ஆடி மாதத்தில் பாட்டி அரைத்துவைத்த மருதாணி நமக்கு நினைவு வருதல் இயல்பே.

செம்மைக்கு மற்றொரு மூலமும் இந்நாட்டில் இருந்தது. அதுவே அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சிகள் வடிக்கும் பிசின் அது. அதிலிருந்து கிடைக்கும் செஞ்சாயத்தைப் பஞ்சில் ஊறவைத்து அடிகளுக்கு ஊட்டினர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் சீறடிகளுக்கு இங்ஙனம் செம்மையூட்டப்பெற்றது கூறப்படுகிறது. நாம் செம்பஞ்சுக் குழம்பு என்று நூல்களில் மட்டும் படித்து மறந்ததனை, வங்காளத்தில் குடியேறிய தமிழர் ஆல்தா என்னும் பெயரில் மணமகளின் பாதங்களில் நாளும் காணலாம். இன்று விற்கப்படும் ஆல்தா பெரும்பாலும் செயற்கைச் சாயத்தால் ஆனதே. எனினும் பழக்கம் அழியவில்லை. அரக்கு விளையும் நாட்டின் நடுவே, ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும் என்னும் ஊரில், அதனை ஆராய்வதற்கென்றே 1924 இல் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. வடமொழியில் லாக்ஷா எனப்பட்ட இவ்வரக்கின் பெயரே பாரசீகத்தையும் போர்ச்சுகல்லையும் கடந்து மேனாட்டாரின் ‘லாக்கர்’ என்னும் சொல்லாயிற்று. பளபளக்கும் பூச்சு எதற்கும் அவர்கள் அப்பெயரையே இட்டனர். இச்சொல்லை நாம் மீண்டும் சந்திப்போம்.

இரண்டாவது உலர்தல். 1846 இல் பாசெல் நகரத்து விஞ்ஞானி ஷோன்பைன் பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்து வெடிபஞ்சை உண்டாக்கினார். போருக்கு உதவிய அப்பொருளையே தக்க கரைப்பானில் கரைத்துப் பூசினால், கரைப்பான் ஆவியாகிக் கெட்டியான படலம் எஞ்சும் என்பது பின்னர் விளங்கிற்று. வர்ணம் பூசி முடிக்க வாரக் கணக்கில் காத்திருந்த மோட்டார் வண்டித் தொழிலுக்கு இது பெரும் வரமாயிற்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் 1920களில் வெளியிட்ட டூக்கோ என்னும் பூச்சு விரைவில் உலர்ந்தது. பல நிறங்களிலும் கிடைத்தது. வண்டிக்கு ஏற்ற இவ்விரசாயனமே விரல் நகத்துக்கும் ஏற்றதாயிற்று. அதற்குமுன் மேனாட்டு மாதர் இளஞ்சிவப்புப் பொடியையோ களிம்பையோ இட்டு, மென்தோலால் நகத்தைத் தேய்த்து மெருகேற்றி வந்தனர். 1932 இல் தோன்றிய ரெவ்லான் நிறுவனம், ஒளி ஊடுருவாத அடர்நிறப் பூச்சுகளைக் கடைதோறும் பரப்பியது. ஓர் இரவு காத்திருந்த இடத்தில் சில நிமிடங்களே போதுமென்றாயிற்று.

நம் நாட்டில் டாட்டா குழுமத்தார் 1952 இல் லாக்மே என்னும் ஒப்பனைப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினர். 1883 இல் பாரிஸில் அரங்கேறிய இசை நாடகம் ஒன்றின் தலைவியின் பெயர் அது. லட்சுமி என்பதன் பிரெஞ்சு வடிவம். நம் திருமகளின் பெயர் கடல் கடந்து சென்று, வேற்றுடை தரித்துத் திரும்பி வந்து, நகப்பூச்சுக் குப்பியில் ஏறிக்கொண்டது எனலாம்.

இதற்கிடையே நக ஒப்பனை வீட்டைவிட்டு வெளியேறி ஒரு தொழிலாயிற்று. 1975 இல் வியட்நாம் போர் முடிந்து அகதிகளாய்க் கலிபோர்னியா வந்து சேர்ந்த பெண்கள் இருபதின்மருக்கு, திரைப்பட நடிகை டிப்பி ஹெட்ரன் தம் ஒப்பனையாளரைக் கொண்டு இக்கலையைக் கற்பிக்கச் செய்தார். அவர்களைப் பின்பற்றி வந்தோரால் அமெரிக்க நகரங்களின் நக ஒப்பனைக் கடைகளுள் பெரும்பகுதி வியட்நாமியர் கையில் வந்தது. மொழி தெரியாத ஊரில் கைத்தொழில் ஒன்றே துணையாக வேரூன்றிய கதை இது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்த நமக்கு இதன் அருமை சொல்லித் தெரியவேண்டுவதன்று.

மூன்றாவது உறைதல். 1970களில் பல் மருத்துவர் புற ஊதாக் கதிர் பட்டவுடன் கெட்டிப்படும் கலவைகளைக் கொண்டு பற்குழிகளை அடைக்கலாயினர். அதே இனத்தைச் சேர்ந்த அக்ரிலேட் பொருள்கள் 1980களில் நகத்துக்கும் வந்தன. இங்கே எதுவும் உலர்வதில்லை. குழம்பிலுள்ள சிறு மூலக்கூறுகள் ஒளியால் தூண்டப்பெற்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல் பின்னிப் பிளாஸ்டிக் ஆகின்றன. விளக்கின்கீழ் ஒரு நிமிடத்தில் உறையும் இப்பூச்சு இரண்டு வாரம் நிற்கும். 2010 இல் அமெரிக்க நிறுவனமொன்று இவ்வகைப் பூச்சுக்கு ஷெல்லாக் என்று பெயரிட்டது. ஷெல்லாக் என்பது நம் அவலரக்கே! அப்பூச்சில் அரக்கு துளியும் இல்லை. மெருகின் பெருமை கருதிப் பெயர் மட்டும் இரவலாகப் பெறப்பட்டது.

2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பனைக் கடைகள் அடைபடவே, விளக்கும் குப்பியும் வீடு புகுந்தன. வீட்டில் பிறந்த கலை வீடு திரும்பிற்று என மகிழலாம். ஆனால் திரும்பி வந்தது பழைய பொருளன்று. உறையாத ஜெல் தோலில் பட்டால் அதன் சிறு மூலக்கூறுகள் உட்புகுந்து, உடல் அவற்றைப் பகையெனக் கருதும் நிலையை உண்டாக்கக்கூடும். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, கொப்புளம் தோன்றும், நகம் தளரும், சிலருக்கு இமையும் வீங்கும். ஒருமுறை தோன்றிய இவ்வொவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடர்வது. பல் அடைக்கும் கலவையிலும், மூட்டு மாற்றச் சிகிச்சையில் பயன்படும் எலும்புப் பசையிலும் இதே இனப்பொருள்கள் இருத்தலால், ஓர் இளம்பெண்ணின் நகத்தில் தொடங்கிய தொல்லை அவளது முதுமையிலும் குறுக்கிடலாம். பிரிட்டனின் தோல்நோய் மருத்துவர் சங்கம் இதுபற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. ஒவ்வாமைக்குப் பெரிதும் காரணமான ஹெமா என்னும் பொருளைப் பயிற்சி பெற்ற தொழிலாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் விதித்தது; டி.பி.ஓ. என்னும் ஒளிதூண்டியை 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஒப்பனைப் பொருள்களில் அறவே தடைசெய்தது.

அஞ்சி விலக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. அறிந்து செய்ய வேண்டுமென்பதே கருத்து. வாங்குமுன் குப்பியின் மேல் எழுதிய பொருட்பட்டியலைப் படித்தல் வேண்டும். பூச்சைத் தோலில் படாமல், நகவிளிம்பில் சிறிது இடம் விட்டு, மெல்லிய பூச்சுகளாக இடுதல் வேண்டும். தடித்துப் பூசினால் மேற்புறம் உறைந்து உட்புறம் பச்சையாகவே நிற்கும். பூச்சுக்கென அதன் நிறுவனம் குறித்த விளக்கையே, குறித்த நேரம் முழுதும் பயன்படுத்துதல் வேண்டும். விளக்குகளின் ஒளி அலை ஒன்றுபோல் இருப்பதில்லை. விளக்கில் புற ஊதாக் கதிர் உண்டாதலின், விரல் நுனி மட்டும் வெளித்தெரியும் கையுறை அணிதல் நலம். நீக்கும்போது உரித்தெடுத்தல் ஆகாது. உரித்தால் நகத்தின் மேலடுக்கும் உடன் வரும். மேற்பரப்பை இலேசாக அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் நகத்தில் கட்டிவைத்தால் பூச்சு தானே நெகிழும். அரிப்புத் தோன்றினால் அன்றே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மருதோன்றி அரைத்த பாட்டிக்கு இலையின் இயல்பு தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் வைப்பது, எப்போது களைவது என்பதனை அவள் பேத்திக்குக் கைவழியாகவே சொல்லிக்கொடுத்தாள். அம்மருதோன்றியையும் விரைவு வேண்டிக் கறுப்பு மருதாணியாக்கி, தலைமயிர்ச் சாயத்துக்குரிய இரசாயனத்தை அதில் கலந்தபோது தோல் புண்பட்டதனை அண்மைக்காலம் கண்டது. ஊறுதலுக்கு ஓர் இரவு வேண்டும். உலர்தலுக்குச் சில நிமிடம். உறைதலுக்கு ஒரு நிமிடம். காத்திருக்கும் நேரம் குறையக் குறைய, தெரிந்திருக்க வேண்டிய அறிவு மிகுந்துகொண்டே வந்திருக்கிறது. குப்பியோடு அவ்வறிவு தானே வருவதில்லை. ஆதலின் இளஞ்சிவப்புப் பூச்சை நம் பெண்மக்கள் கையில் கொடுக்கும் நாம், அதனைக் கையாளும் முறையையும் கூடவே கொடுத்தல் கடனாகும்.