பீப்பாய் தங்கிவிட்டது, ஒயின் போய்விட்டது

லிஸ்பனில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் நாகப்பட்டினம் வந்தான். பெட்டியில் ஒரு பாட்டில் 'வின்யோ வெர்தே'. நேராகச் சொன்னால் 'பச்சை ஒயின்'. நிறம் பச்சை இல்லை, வெளிர் மஞ்சள். பச்சைப்பிள்ளை என்கிறோமே, அந்தப் பச்சை. வருஷக்கணக்கில் பூட்டி வைக்காமல் இளசாகவே குடித்துவிடுவது. போர்ச்சுகலின் வடமேற்கில், மழை அதிகம் பெய்யும் மின்யோ பகுதிச் சரக்கு. 1908-இல் இதற்கென்று எல்லை வகுத்தார்கள். புளிப்பு தூக்கல், போதை கம்மி, நாக்கில் லேசாகச் சுர்ரென்று ஒரு நுரை. அங்கே இதற்குத் துணை கரியில் சுட்ட மத்தி, சிப்பி, இறால்.

பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் பழைய கேள்வி ஒன்று திரும்பி வந்தது. நாகையில் போர்ச்சுக்கீசியர் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தவர்கள், 1658-இல் டச்சுக்காரரிடம் ஊரை இழந்தார்கள். அரசாங்க அதிகாரிகளைவிட, இங்கேயே பெண் எடுத்துக் குடியேறிய வியாபாரிகள்தான் அதிகம். தஞ்சை நாயக்கர் சீமையின் அரிசியைக் கப்பலேற்றி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அனுப்பிப் பிழைத்தவர்கள். இவ்வளவு ஒட்டி உறவாடியும் அவர்கள் ஒயின் மட்டும் ஏன் இந்த ஊரில் ஒட்டவில்லை?

முதல் காரணம் கடல். லிஸ்பனிலிருந்து கோவாவுக்கே ஏறக்குறைய ஆறு மாசம், வழியில் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டணும். அந்தப் புழுக்கத்தில் லேசான ஒயின் காடியாகிவிடும். (மதேராத் தீவின் ஒயின் விதிவிலக்கு. கப்பல் அடித்தளத்தில் வெந்து ருசி கூடியது என்று அதற்குப் பேரே கிடைத்தது. பின்னால் பிராந்தி சேர்த்து இன்னும் திடமாக்கினார்கள்.) இரண்டாவது காரணம் மண். தண்ணீர் நிற்கும் டெல்டா வயலில் நெல் வரும், திராட்சை வராது. தென்னங்கள்ளும் பனங்கள்ளும் கையெட்டும் தூரத்தில் இருக்க, கடல் கடந்து வரும் பானத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கோவாவில் கதை வேறு. ஒயினும் பூண்டும் ஊற்றி இறைச்சியை ஊறவைக்கும் போர்ச்சுக்கீசியப் பக்குவம் அங்கே கள்ளுக் காடிக்கு மாறி, விந்தாலு ஆகிவிட்டது. நம் பக்கத்தில் புளிப்புக்குப் புளி இருந்தது. காடி வந்து நிற்க இடமே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்று செல்லாது: கத்தோலிக்கப் பூசை. அதற்குத் திராட்சை ரசம்தான் வேண்டும், கள்ளை வைத்து ஒப்பேற்ற முடியாது. திராட்சையே விளையாத ஊர்க் கோயிலுக்கும் எங்கிருந்தோ அது வந்தாகணும்.

'வேறு தடயமே இல்லை' என்று முன்பு ஒரு குறிப்பில் எழுதியிருந்தேன். தப்பு. தடயம் எங்கள் தாத்தா கடையிலேயே நின்றது. எண்ணெய் வைத்திருந்த அந்தப் பெரிய பீப்பாய்! போர்ச்சுக்கீசிய மொழியில் 'பீப்பா' என்றால் ஒயின் அடைக்கும் மரக்கலம். அதுவே ஒயின் அளக்கும் கணக்கும்கூட. இன்றும் போர்ட் ஒயின் விளையும் பக்கத்தில் ஒரு பீப்பா என்றால் 550 லிட்டர். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி என்று வீட்டுக்குள் புகுந்த சொற்களை எல்லாரும் பட்டியல் போடுகிறோம். கடை வாசலில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். அத்தை வீட்டு மொட்டை மாடியில் திறந்தோம். கீழே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வாய் குழம்பு, அடுத்து ஒரு மடக்கு. காரம் இரண்டு மடங்காக ஏறியது. காரத்தை மது தூக்கிவிடும். போதை கம்மியான இதுவே தப்பிக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்ச்சுக்கீசியர்தானே! தங்கள் ஒயினுக்குத் தாங்களே குழி பறித்துவிட்டார்கள் என்று தம்பி சிரித்தான்.

அத்தையிடம் சொல்லி நாலு மத்தியை மசாலா இல்லாமல், உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்டு வாங்கினோம். இப்போது அருமையாகச் சேர்ந்தது. எண்ணெய் வழியும் மீனுக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி அந்தப் புளிப்பு வேலை செய்தது. தட்டைக் கொண்டுவந்த அத்தை பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாங்க.

"ஏன்டா, இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கே, புளிச்சுப் போச்சே?"